நகோமியிடம் யாரும் பாக்கி கேட்கவில்லை

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



மாலை ஏழு மணிக்கு மேல் தருமபுரி பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், பொங்கல் முடிந்த மறுநாள் என்றால் கேட்கவே வேண்டாம். திருப்பூர் வண்டி, ஓசூர் வண்டி, பெங்களூரு வண்டி எதுவானாலும் படிக்கட்டு வரை கூட்டம். கையில் ராகி மாவு, புளி, மஞ்சப்பையில் வீட்டுக் கடலைக்காய். தோளில் தூங்கும் பிள்ளை. மொரப்பூரில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களும் இவர்கள்தான். "லீவு முடிஞ்சு போறாங்க" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். இவர்கள் ஏன் போகிறார்கள், போன இடத்தில் எப்படி வாழ்கிறார்கள், திரும்பி வரும்போது நாம் இவர்களை எப்படி நடத்துகிறோம் என்று இன்று சற்றுச் சிந்திப்போம். மூன்றாவது கேள்விதான் நம்மைச் சுடும்.

பிழைப்புத் தேடிப் போவது நமக்குப் புதிதல்ல. தருமபுரி இன்னும் சேலம் மாவட்டத்தோடு இருந்த நம் பாட்டனார் காலத்தில், இந்தப் பக்கத்து ஆட்கள் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். 2001இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குள் திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் பெங்களூரின் கட்டட வேலையும் நம்மைக் கூப்பிட ஆரம்பித்திருந்தன. காவிரி ஒகேனக்கல்லில் பாறையைப் பிளந்து கொட்டுகிறது. ஆனால் நம் மேட்டுக்காடு மழையைத்தான் பார்த்து நிற்கிறது. சாமையும் ராகியும் கடலையும் ஒரு மழை தவறினால் போய்விடும். குடிக்கும் தண்ணீரிலும் ஃப்ளோரைடு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குப் பல்லில் அந்தக் காவிக் கறை இன்றும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசியாக நின்ற மாவட்டம் நம்முடையதுதான், 68.5 விழுக்காடு. தண்ணீர் இல்லை, படிப்பு போதவில்லை, பக்கத்தில் தொழிற்சாலை இல்லை. பஸ் மட்டும் இருந்தது.

இப்போது ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நாம் முன்பு பொறுப்பில் இருந்த ஒரு பங்கின் கிளைக் கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2009இல் கடலை இரண்டாம் முறையாகப் பொய்த்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் 700 அடி போர் போட்டார்கள், புழுதிதான் பறந்தது. போர் போட்ட கடனுக்கு நூற்றுக்கு மூன்று வட்டி. கணவனும் மனைவியும் ஐந்து வயது மகளையும் இரண்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது லைன் வீடு. பத்துக்குப் பத்தில் ஓர் அறை, வரிசையாகப் பன்னிரண்டு கதவு, கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறை. பல்லைப் பார்த்தே "தருமபுரியா?" என்று அந்த லைனில் கேட்டார்களாம்.

அவர் சாயப்பட்டறையில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் ஓரளவு ஓடியது. வட்டி கட்டினார்கள், ஊருக்கும் பணம் அனுப்பினார்கள், கோவில் வரியையும் தவறாமல் கட்டினார்கள். 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நொய்யல் ஆறு நிறம் நிறமாக ஓடியதும், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயிகளின் நிலம் கெட்டதும் உண்மை. ஆனால் ஒரே வாரத்தில் நின்றுபோன கூலிக்கு யார் பொறுப்பு என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. முப்பது வயதுக்கு மேல் அவர் ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலையில், பையன்களோடு பையனாகப் போய் உட்கார்ந்தார். பிறகு மெல்ல மெல்ல மிஷின் பழகி டெய்லர் ஆனார். அந்த ஆண்டு முதல் ஊருக்கு வரி வரவில்லை.

திருப்பூரில் ஒரு ஷிப்டு என்றால் எட்டு மணி நேரம். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது; ஒன்றரை ஷிப்டு பார்க்க வேண்டும். காலை எட்டரைக்குப் போனால் திரும்ப இரவு எட்டாகும். சரக்கு ஏற்றுமதிக்குப் போக வேண்டிய வாரம் என்றால் விடியும் வரையும் உண்டு. சனிக்கிழமை இரவு சம்பளம். மளிகைக் கடைப் பாக்கி, வட்டிக்காரர், வாடகை எல்லாம் ஞாயிறு காலைக்குள் வந்து வாங்கிக்கொண்டு போய்விடும். குழாயில் தண்ணீர் வருவதும், ஒரு வாரத் துணி துவைப்பதும், சந்தைக்குப் போவதும் ஞாயிறு ஒரே நாளில்தான். திருப்பூர் போனவர்கள் பூசைக்கே போவதில்லை என்று குறை சொல்கிறோமே, அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒருமுறை நாம் வாழ்ந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

2020 மார்ச் மாத ஊரடங்கில் அவர்கள் லைன் வீட்டிலேயே அடைபட்டார்கள். கம்பெனி மூடிவிட்டது. அரிசிக் குடும்ப அட்டைக்கு அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் அவர்களுக்கு இங்கே, ஊர்க் கடையில். வயிறு அங்கே, அட்டை இங்கே. வீட்டுக்கார அம்மா இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்தார். அந்தப் புண்ணியவதி நம் மதமும் இல்லை, நம் ஊரும் இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்த ஊர் ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்று ஆயிற்று. அரசாங்கத்தின் அட்டைகூட அவர்கள் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. நம் கோவில் புத்தகம் போகவில்லை. மகள் அதற்கு முந்தைய ஆண்டே பத்தாம் வகுப்போடு நின்று கம்பெனிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். மகனை மட்டும் எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று இருந்தார்கள். 2024இல் அவன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறினான். பாலிடெக்னிக்கில் இடமும் கிடைத்தது.

அந்த ஜூன் மாதம், மிஷின் முன்னால் உட்கார்ந்தவாறே தந்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மருத்துவமனைக்குப் போகும்முன் உயிர் போய்விட்டது.

ஊரில்தான் அடக்கம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தாராம். ஆம்புலன்சுக்குப் பன்னிரண்டாயிரம். பெருந்துறை, பவானி, சேலம் தாண்டி இரவு இரண்டு மணிக்குத் தொப்பூர் கணவாய் ஏறி, விடிவதற்குள் ஊர் வந்து சேர்ந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குடும்பம் முழுதாக வீடு திரும்பியது அன்றைக்குத்தான்.

காலையில் கோவிலுக்கு முன் புங்கமரத்தடியில் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். குழி வெட்டுகிறவர் கடப்பாரையோடு ஓரமாக நின்றார். வரிப் புத்தகம் திறந்திருந்தது. 2011 முதல் 2024 வரை 14 ஆண்டுகள். கோவில் வரி ஆண்டுக்கு 500, தேர்த் திருவிழா வரி 500. கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் தேர் ஓடவில்லை. அந்த ஆயிரத்தை நியாயமாகக் கழித்துக்கொண்டார்கள். மீதி 13,000. அதைக் கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி.

நாம் அங்கே இருந்தோம். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னோம். "சாமி, நீங்க பூசைய வைங்க. வரி ஊர் விஷயம், நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். நாமும் பூசையை வைக்கப் போனோம். உடைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வெளியே அந்தப் பையன் சுவரோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். பத்து நிமிடத்தில் பணம் வந்துவிட்டது என்றார்கள். யார் கொடுத்தார்கள் என்று நாம் கேட்கவில்லை. ரசீது எழுதினார்கள். மாலை நான்கு மணிக்கு அடக்கம் முடிந்தது. பிரசங்கத்தில் நாம் இறைவனின் வீட்டில் உறைவிடங்கள் பல உண்டு என்பது பற்றிப் பேசினோம்.

அன்பானவர்களே, விவிலியத்தில் ரூத்து நூல் மிகச் சிறியது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். பெத்லகேம் என்ற சொல்லுக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த அப்பத்தின் வீட்டிலேயே பஞ்சம் வந்தது. எலிமலேக்கும் நகோமியும் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மோவாபு நாட்டுக்குப் பிழைக்கப் போனார்கள். போன இடத்தில் கணவர் இறந்தார். ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் மகன்களும் இறந்தார்கள். நகோமி ஒரு வேற்றினத்து மருமகளோடு வெறுங்கையாய்த் திரும்பி வந்தாள். ஊரே பரபரத்தது, இவள் நகோமிதானா என்று பெண்கள் கேட்டார்கள். என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாரா என்று கூப்பிடுங்கள், என் வாழ்வு அவ்வளவு கசந்துவிட்டது என்றாள் அவள்.

இதுவரை நாம் பலமுறை பிரசங்கித்ததுதான். அதற்குப் பின் அந்த ஊர் என்ன செய்தது என்பதை நாம் கவனிப்பதில்லை. பஞ்சத்தில் எங்களை விட்டுப் போனாயே என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகள் ஊர்க் கிணற்றுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்கவில்லை. அது வாற்கோதுமை அறுவடைக் காலம். அறுத்தவன் விட்டுப்போன கதிர் ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்பது மோசேயின் சட்டம். ரூத்து போய்ப் பொறுக்கினாள். கடலை பிடுங்கிய காட்டில் இன்றும் நம் பெண்கள் மண்ணைக் கிளறி விடுபட்ட காயைப் பொறுக்குகிறார்களே, அதே வேலை. நிலத்துக்காரரான போவாசு, அவளுக்காக வேண்டுமென்றே கதிரை உருவிப் போடச் சொன்னார். பிறகு ஊர் வாசலில் பெரியவர்களைக் கூட்டினார். அங்கேயும் பெரியவர்கள்தான் உட்கார்ந்தார்கள், அங்கேயும் கணக்குத்தான் பேசினார்கள். ஆனால் போனவனின் நிலம் எப்படி அவன் குடும்பத்துக்கே திரும்பும், அவன் பெயர் எப்படி ஊரில் அழியாமல் இருக்கும் என்ற கணக்கு. புங்கமரத்தடியிலும் பெத்லகேம் வாசலிலும் நடந்தது ஒரே மாதிரிக் கூட்டம்தான். பேசிய கணக்குத்தான் வேறு.

நமது பெரியவர்களைக் கொடியவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கோவிலின் ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தளம் போட்டது இந்த வரிப் பணத்தில்தான். ஊரில் தங்கிப்போனவர்கள் ஒன்றும் பணக்காரர்கள் அல்லர். நூறு நாள் வேலைக் கூலியில் ஐந்நூறு எடுத்து வைத்தவர்கள். கட்டினவனுக்கும் கட்டாதவனுக்கும் ஒரே சட்டம் என்றால் நாளை யார் கட்டுவார் என்று கேட்கிறார்கள். கேள்வி சரிதான். வரியே கூடாது என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் திருஅவையின் சட்டம் ஒன்று இருக்கிறது. 1983இல் வெளிவந்த திருஅவைச் சட்டத் தொகுப்பில் 1181ஆம் எண். அடக்கத்தின்போது பெறப்படும் காணிக்கையைப் பற்றிச் சொல்லும் அந்த இடத்தில், ஆள் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது, ஏழைக்கு உரிய அடக்கம் மறுக்கப்படவும் கூடாது என்று எச்சரிக்கிறது. இது ஊர் விஷயம் அல்ல. அன்று நமக்கு இந்தச் சட்டம் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் உடை மாற்றப் போனோம்.

இன்னொன்றும் உண்டு. ஓரிடத்தில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தவர் அந்த இடத்துப் பங்கைச் சேர்ந்தவர் ஆகிவிடுகிறார் என்கிறது அதே தொகுப்பின் 102ஆம் எண். அப்படிப் பார்த்தால் இந்தக் குடும்பம் 2014இலேயே கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த திருப்பூர்ப் பங்கு ஒன்றின் குடும்பம். ஆனால் அங்கே அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாம் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தால் அவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அங்கே அவர்களைத் தெரியாது, இங்கே அவர்கள் பாக்கிக்காரர்கள். பதினைந்து ஆண்டுகள் அந்த ஞானஸ்நானக்காரர்கள் யாருடைய ஆடுகள்?

2025 ஏப்ரலில் நம்மை விட்டுப் பிரிந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் குடும்பமும் இப்படிப் போன குடும்பம்தான். அவருடைய தாத்தாவும் பாட்டியும் தந்தையும் 1929இல் இத்தாலியிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார்கள். 1932 பொருளாதார நெருக்கடியில் எல்லாவற்றையும் இழந்தார்கள், குடும்பக் கல்லறையைக்கூட விற்றார்கள். அப்போது என்றிக்கோ பொசோலி என்ற சலேசிய அருள்தந்தை ஒருவர், அவர்களைத் தமக்குத் தெரிந்த ஒருவரிடம் அழைத்துப் போய் 2,000 பேசோ கடனாக வாங்கிக் கொடுத்தார். அதை வைத்து ஒரு கடை பிடித்து எழுந்தார்கள். திருத்தந்தை அந்தக் குருவைக் கடைசி வரை மறக்கவில்லை. நம் பையனுக்கும் அன்று கடன் கிடைத்தது. வாங்கிக் கொடுத்தது குரு அல்ல.

அந்தக் கதையை நாம் தெரிந்துகொண்டது அந்த ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாளில். மந்திரித்து முடித்ததும் அந்த அம்மா கல்லறை ஓரத்தில் மெழுகுதிரியை அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் எந்தப் பாலிடெக்னிக் என்று கேட்டோம். "சேரல சாமி. கம்பெனிக்குப் போறான்" என்றார். அன்று போனில் பணம் போட்டது திருப்பூர்க் கான்ட்ராக்டர். முன்பணம். வாரம் ஆயிரம் வீதம் பதின்மூன்று வாரத்தில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. கழிவதற்குள் வாடகைக்கு ஒரு முன்பணம், அக்காவின் பிரசவத்துக்கு ஒன்று. சேர்க்கைக்குப் பணம் கட்ட வேண்டிய தேதி, அடக்கம் முடிந்த திங்கட்கிழமையோடு போய்விட்டது. குறையாகச் சொல்லவில்லை அவர். நாம் கேட்டோம், சொன்னார்.

பதின்மூன்றாயிரம் ரூபாய்க்கு நாம் ஒரு பையனின் படிப்பை விற்றோம் என்று பங்குப்பேரவையில் சொன்னபோது சிலருக்குக் கோபம் வந்தது. நான்கைந்து கூட்டம் இதிலேயே போயிற்று. கடைசியில் வழி விட்டவர், அன்று புங்கமரத்தடியில் கணக்கு வாசித்த பெரியவர்தான். அவருடைய மகனே பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறான், மூன்று ஆண்டாக அவனும் கட்டவில்லை. அடக்கத்தின்போது யாரிடமும் பாக்கி கேட்பதில்லை, வெளியூர்க் குடும்பத்துக்குப் பாதி வரி, முடியாதவருக்கு அதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். வாங்கின 13,000ஐத் திருப்பிக் கொடுப்பது பற்றி மட்டும் முடிவாகவில்லை. ரசீது போட்ட பணத்தை எந்தத் தலைப்பில் திருப்பி எழுதுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் பையனின் படிப்புக்கென்று பணம் திரட்டி வைத்திருக்கிறார்கள். அவன் முன்பணம் கழியட்டும் என்கிறான். ஆனால் 2025 ஆகஸ்டு 27இல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்கு பலவற்றுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது அவன் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்து, ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகிவிட்டது. எங்கோ ஒரு வரி, இங்கே ஒரு வரி; இரண்டும் அவன் தலையில் விழுந்தன.

இந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கும் அவர்கள் வந்தார்கள். திருப்பலி முடிந்து அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாதி வரி ஐந்நூறை மேசையில் வைத்தார். வேண்டாம் அம்மா என்றோம். கேட்கவில்லை. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவருடைய கணவர் பெயர், பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி. கணக்கு எழுதுபவர் பேனாவை வைத்துக்கொண்டு, ரசீது பையன் பேருக்கா என்று கேட்டார். "எம்பேருக்கே எழுதுங்க. நாந்தானே கட்டறேன்" என்றார் அந்த அம்மா. அந்தப் புத்தகத்தில் ஒரு பெண்ணின் பெயர் அந்த இடத்தில் வந்தது அதுதான் முதல்முறை.

அதே பக்கத்திலும் அடுத்த பக்கத்திலும் பதினேழு பெயர்களுக்கு எதிரே பென்சிலால் 'வெளியூர்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. திருப்பூரா, ஓசூரா, பெங்களூரா என்றுகூட இல்லை. அன்பியப் பொறுப்பாளர்கள் இப்போது அவர்களுடைய போன் எண்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், பதினொன்று கிடைத்துவிட்டது. உங்கள் பங்கிலும் அப்படி ஒரு புத்தகம் இருக்கும். கிறிஸ்துமசுக்கு அவர்கள் ஊர் வருவதற்குள் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.